கல்லைப் புரட்டுங்கள்: மலையக விஞ்ஞான ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்



உங்களில் அநேகருடைய பாடசாலைக்குப் பின்னால் ஓர் ஓடை இருக்கும். நான் 31 வருடம் படிப்பித்த பாடசாலைக்குப் பின்னாலும் இருந்தது. தேயிலை மலைக்குள் இருந்து இறங்கி, மேட்டு லயத்தைச் சுற்றி, விளையாட்டுத் திடலின் ஓரமாகப் போய், பணிய லயத்துக்குக் கீழே பெரிய ஆற்றோடு சேரும். பிள்ளைகள் காலையில் அதைத் தாண்டி வந்தார்கள், பகலில் அதைத் தாண்டிப் போனார்கள். நானோ கரும்பலகையில் 'நீர்ச் சூழற்றொகுதி' என்று எழுதிவிட்டு, பாடநூலில் இருந்த குளத்தின் படத்தை வரைந்துகொண்டிருந்தேன். அந்த ஓடைக்குள் வகுப்பை இறக்க எனக்கு 14 வருடம் பிடித்தது. உங்களுக்கு அவ்வளவு காலம் பிடிக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரு தவணைப் பரீட்சையில் சூழல் மாசைக் காட்டும் உயிரினம் ஒன்றைப் பெயரிடச் சொல்லியிருந்தேன். வகுப்பு முழுவதும் 'இலைக்கன்' என்று எழுதியது. எல்லோருக்கும் புள்ளி போட்டேன். விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்த அன்று பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழுந்து கேட்டது: "சேர், இலைக்கன் காத்துக்கு. தண்ணிக்கு எது சேர்?" பயிற்சிக் காலத்தில் எங்கேயோ படித்தது நினைவுக்கு வந்தது, ஐரோப்பிய ஆறு ஒன்றின் படத்தோடு. அந்தப் படத்தில் இருந்த பூச்சிகள் எங்கள் ஓடையில் இருக்கின்றனவா என்று எனக்குத் தெரியவில்லை. பாடசாலை விட்டதும் காற்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கினேன். திடலுக்கு மேலே, தண்ணீர் வெள்ளையாகச் சிதறி ஓடும் இடத்தில், இரண்டு கைக்கும் கொள்ளும் ஒரு கல்லை எடுத்துப் புரட்டினேன்.

கல்லின் அடிப்பக்கம் அசைந்தது.

முதலில் கண்ணில் பட்டது சுண்டுவிரல் நகத்தளவு தட்டையான ஒரு பிராணி. தலை கேடயம் போல அகன்றிருந்தது. வயிற்றின் இரு பக்கமும் சிறு இலைகள் போலப் பூக்கள் (நீங்கள் படிப்பிக்கும் அதே மீன் பூக்களின் வேலைதான் இவற்றுக்கும்), பின்னால் மூன்று நீண்ட வால்கள். கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டு நண்டைப் போலப் பக்கவாட்டில் ஓடியது. ஆங்கிலத்தில் மேபிளை என்று சொல்லும் பூச்சியின் அணங்குப் பருவம் இது. சிறகு முளைத்தபின் வாயை உபயோகிக்காது, உண்ணாது. ஒரு நாள், மிஞ்சினால் இரண்டொரு நாள் உயிரோடு இருந்து, முட்டையிட்டுவிட்டுச் செத்துவிடும். வாழ்நாளில் பெரும்பகுதியைத் தண்ணீருக்குள்தான் கழிக்கிறது. சில புத்தகங்கள் இதை ஈசல் என்று எழுதியிருக்கின்றன. தயவுசெய்து அப்படிச் சொல்லிக்கொடுக்காதீர்கள். நம் பிள்ளைகளுக்கு ஈசல் என்றால் மழைக்குப் பிறகு புற்றில் இருந்து கிளம்பும் கறையான்தான். நான் இதற்கு 'மூவால் அணங்கு' என்று பெயர் வைத்தேன். ஆனாலும் வாலை மட்டும் நம்ப வேண்டாம். இந்தக் கூட்டத்திலேயே இரண்டு வாலோடு சில உண்டு. வயிற்றோரத்துப் பூக்களைப் பாருங்கள், அதுதான் சரியான அடையாளம்.

அதே கல்லில் செப்புக்காசு ஒட்டிக் கிடப்பது போல ஒரு வட்டம். கத்தி நுனியால் மெதுவாகக் கிளப்பினால் அடியில் ஆறு கால்கள். ஒரு வண்டினத்தின் குடம்பி அது. பிள்ளைகள் பிறகு இதைச் 'சல்லிப்புழு' என்றார்கள். கல்லின் குழிக்குள் மணல்மணிகளை ஒன்றோடொன்று நெய்து கட்டிய ஒரு குழாய், அதற்குள்ளிருந்து தலையை நீட்டும் ஒரு புழு. வாயில் ஊறும் பட்டிழையால் தன் வீட்டைத் தானே கட்டிச் சுமந்து திரியும் கேடிஸ் பூச்சியின் குடம்பி. அதன் உறவுக்காரன் ஒன்று வீடு சுமக்காது. கல்லிடுக்கில் சிறு வலை பின்னி, ஓடிவரும் துணுக்குகளை வடித்துத் தின்னும். இவை போதாதென்று இரண்டே வாலும் கால்களின் அடியில் மயிர்க்கொத்துப் போன்ற பூக்களும் கொண்ட வேட்டைக்காரன் ஒன்று: கல் ஈயின் அணங்கு. இதற்கு 'இருவால்' என்று பெயர் வைத்தேன்.

அந்த ஒரு கல்லில் ஐந்து வகை. பிறகு பணிய லயத்துக்குக் கீழே போனேன். அங்கே கல்லைப் புரட்டினால் அடியில் சேறும் வழுவழுப்பும். சிவப்பு நூல் போல நெளியும் புழுக்கள் நிறைய. வேறொன்றும் இல்லை. இரண்டு இடத்துக்கும் நடுவே 300 மீற்றர் இருக்காது.

ஏன் இப்படி என்பதுதான் பாடம். தண்ணீருக்குள் கரைந்திருக்கும் ஒட்சிசனைப் பூக்களால் இழுத்து வாழும் பிராணிக்கு அந்த ஒட்சிசன் குறைந்தால் வேறு போக்கிடம் இல்லை. கழிவு சேரும்போது அதைத் தின்று பெருகும் பற்றீரியா இருக்கிற ஒட்சிசனை எடுத்துக்கொள்கிறது. மூவாலும் இருவாலும் முதலில் போய்விடும். சிவப்புப் புழு தங்கும், ஏனென்றால் அதன் உடம்பில் நம்முடைய இரத்தத்தில் இருப்பதைப் போன்ற ஈமோகுளோபின் இருக்கிறது. சிறிதளவு ஒட்சிசனையும் பிடித்து வைத்துக்கொள்ளும். இன்னும் மோசமான கானில் எலிவால் புழு வரும். அது வாலைக் குழாயாக நீட்டி மேலே இருக்கும் காற்றைச் சுவாசிப்பது; தண்ணீரின் தரம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. இதை விளக்கினால் பிள்ளைகள் ஒரு நுட்பத்தைத் தாமாகவே கண்டுபிடிப்பார்கள்: மேலே நடக்கும் நீர்த்தாண்டியையும் காற்றைச் சுவாசிக்கும் நுளம்புக் குடம்பியையும் வைத்து ஒட்சிசன் அளவு பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. எந்தப் பூச்சி இருக்கிறது என்று பார்ப்பதோடு, அது எப்படி மூச்சு விடுகிறது என்றும் பார்க்க வேண்டும். சுவாசத் தொகுதி என்ற அலகை நான் அதற்குப் பிறகு ஓடைக்கரையில்தான் படிப்பித்தேன். தும்பி அணங்கு மலக்குடலுக்குள் நீரை இழுத்துச் சுவாசித்து, அதே நீரைப் பீச்சி முன்னால் பாய்வதைக் கண்ட பிள்ளை அதை எந்தப் பரீட்சையிலும் மறக்காது.

'போத்தலில் தண்ணீர் பிடித்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் போதாதா?' என்று நீங்கள் கேட்கலாம். நானும் அனுப்பினேன். எங்கள் ஓடையின் மேற்புறத்தில் ஒரு பகுதி மரக்கறிச் செய்கைக்குப் போயிருந்தது. ஒரு பங்குனி மாதம், வெயிலுக்குப் பிறகு இரவில் பெரிய மழை. மறுநாள் கரையோரமாக மூவால் அணங்குகள் வெளிறிப்போய் ஒதுங்கிக் கிடந்தன. மீன் ஒன்றுகூடச் சாகவில்லை. ஓர் அலுவலகத்துக்கு எழுதினோம். ஒன்பதாம் நாள் ஒருவர் வந்து ஒரு போத்தல் தண்ணீர் எடுத்துப் போனார். அறிக்கையில் எல்லாம் ஏற்கத்தக்க அளவில் இருப்பதாக எழுதியிருந்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்தப் போத்தலுக்குள் இருந்தது நல்ல தண்ணீர்தான். நஞ்சு ஓர் இரவில் வந்து, ஓர் இரவில் போய்விட்டது. அவர்கள் சோதித்த பட்டியலில் பூச்சிமருந்து இருக்கவும் இல்லை.

போத்தல் ஒரு நொடியைத்தான் பிடிக்கும். கல்லடியில் இருக்கும் பிராணி இரவும் பகலும் வாரக்கணக்கில் அங்கேயே இருக்கிறது. அந்த வாரங்களில் ஓடிய தண்ணீர் அவ்வளவும் அதன் உடம்பைக் கடந்துதான் போயிருக்கிறது. இன்று மரக்கறிக்கு அடிக்கும் மருந்துகளில் சில, இமிடாகுளோபிரிட் போன்றவை, மீனை ஒன்றும் செய்யாத மிகச் சிறிய அளவிலேயே மூவால் அணங்குகளைக் கொன்றுவிடும். பூச்சியைக் கொல்லத்தானே மருந்து. தண்ணீருக்குள் இருப்பதும் பூச்சிதான். மீன் செத்து மிதந்தால்தான் ஆறு கெட்டது என்று நினைப்பது நம்மிடம் ஊறிப்போன பிழை.

அன்று வெறுமையான கற்களை நாங்கள் விடாமல் பார்த்து எழுதிவந்தோம். மூன்றாவது வாரம் நீந்தும் வகை மூவால்கள் சின்னதாகத் திரும்பின. தட்டைத் தலை வகை திரும்ப நான்கு மாதமானது. இருவாலை அதே இடத்தில் நான் ஓய்வு பெறும் வரைக்கும் காணவில்லை.

அடுத்துச் சொல்லப்போவதைத்தான் முக்கியமாக நினைக்கிறேன். பூச்சிகளை வைத்து ஆற்றை மதிக்கும் முறை பழையது. ஜெர்மனியில் கொல்க்விட்ஸ், மார்சன் என்ற இருவர் 1908-09இலேயே கழிவுநீர் கலந்த ஆறுகளை அங்கு வாழும் உயிர்களைக் கொண்டு தரம் பிரித்தார்கள். பிரித்தானியாவில் 1970களின் பிற்பகுதியில் ஒவ்வொரு பூச்சிக் குடும்பத்துக்கும் 1 முதல் 10 வரை புள்ளி கொடுத்தார்கள். கழிவைத் தாங்காத குடும்பத்துக்கு 10, எதையும் தாங்கும் மண்புழு இனத்துக்கு 1. கூட்டிப் பார்த்தால் ஆற்றின் நிலை. எளிமையான ஏற்பாடு என்பதால் உலகெங்கும் பரவியது. நானும் முதலில் அந்த அட்டவணையைப் பிரதி எடுத்துக்கொண்டுதான் ஓடைக்குப் போனேன். இரண்டாவது வாரமே இடறியது.

அந்த அட்டவணை சாதாரணத் தும்பிக் குடும்பம் முழுவதுக்கும் 8 புள்ளி கொடுக்கிறது. குளிர்நாட்டில் அது சரியாக இருக்கலாம். இங்கே அதே குடும்பத்துத் தும்பிகள் குளத்திலும் வயலிலும் குட்டையிலும், கான் தேங்கிய பள்ளத்திலும் முட்டையிடுகின்றன. பணிய லயத்துக்குக் கீழே இருந்த நாற்றக் குட்டை அந்தக் கணக்கில் நல்ல தண்ணீராகிவிட்டது. வெப்பமும் வேறு. கடல் மட்டத்தில் 10 பாகை செல்சியசில் ஒரு லீற்றர் நீரில் 11 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஒட்சிசன் கரையும். 30 பாகையில் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம்தான். ஒரு மாசும் இல்லாத தாழ்நிலத்து வெப்ப ஆற்றில்கூட ஐரோப்பிய ஓடையின் ஒட்சிசன் இருக்காது. அங்கே வாழும் பூச்சிகளும் அதற்கேற்றவைதான்.

தீவு என்பது இன்னொரு சங்கதி. ஹவாய்த் தீவுகளைப் பாருங்கள். எந்தக் கண்டத்தில் இருந்தும் மூவாயிரம் கிலோமீற்றருக்கு மேல் தள்ளி, கடலுக்கு நடுவே எரிமலையாக எழுந்தவை. இரண்டு நாள் ஆயுளுள்ள பூச்சி அந்தக் கடலை எப்படித் தாண்டும்? மேபிளை, கல் ஈ, கேடிஸ் ஆகிய மூன்று கூட்டமும் அங்கே இயற்கையில் இல்லை. மற்ற நாடுகளில் நல்ல ஆற்றின் அடையாளமாக எண்ணப்படும் மூன்றும் இவைதாம். ஆகவே அங்கே அவை இல்லாதது கேடு அல்ல; அவற்றில் ஒன்று இருந்தால் மனிதரோடு வந்து சேர்ந்தது என்று பொருள். அவற்றுக்குப் பதிலாக, என்றோ வந்து சேர்ந்த ஓர் ஊசித்தும்பி இருபதுக்கும் மேற்பட்ட இனங்களாகப் பெருகி, அந்தத் தீவுகளின் ஓடைகளுக்கு அடையாளமாக நிற்கிறது. அவற்றில் சில இன்று அழியும் நிலையில் உள்ளவற்றின் பட்டியலில் இருக்கின்றன.

கரிபியனில் போர்ட்டோ ரிக்கோவிலும் கல் ஈ கிடையாது. அங்கே ஓடைக்குள் விழும் இலையை அரைத்துத் தின்னும் வேலையில் பெரும்பங்கு நன்னீர் இறாலுடையது. இறால்கள் குஞ்சாகக் கடலுக்குப் போய்த் திரும்பி மலையேறி வருபவை. நீர் வழியாத பெரிய அணை குறுக்கே நின்றால் அதற்கு மேலே இறால் இல்லை. அங்குள்ள ஆய்வாளர்களான குட்டியரேஸ் பொன்சேக்காவும் ரமிரேசும் பிரித்தானிய அட்டவணையைப் போர்ட்டோ ரிக்கோவின் பூச்சிகளுக்கேற்ப மாற்றி 2016இல் வெளியிட்டார்கள். பசிபிக்கில் நியூ கலிடோனியா இன்னும் முன்னால் போனது. 1999இல் நத்தலி மரி என்பவர் அந்தத் தீவுக்கென்றே தனி அளவுகோலை உருவாக்கினார். அது கழிவு மாசுக்கு. நிக்கல் சுரங்கங்களில் இருந்து கழுவி வரும் செம்மண் அந்த அளவுகோலில் சரியாக அகப்படவில்லை என்றதும் வண்டலுக்கென்று இரண்டாவது அளவுகோல் ஒன்றும் வந்தது.

இதைப் படித்தபோது எனக்கு நம்முடைய மலைதான் நினைவுக்கு வந்தது. நம் ஓடைகளுக்கு வரும் கேடும் இரண்டு வகைதானே: லயத்துக் கானில் வரும் கழிவு ஒன்று, மண் ஒன்று. மண்ணைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. கோப்பிக்காகவும் பிறகு தேயிலைக்காகவும் 19ஆம் நூற்றாண்டில் இந்தச் சரிவுகளின் காடு வெட்டப்பட்டது. செடி நெருங்கி மூடாத தேயிலை மலையிலும், சரிவில் கிழங்கு கிளறும் நிலத்திலும் ஒவ்வொரு மழைக்கும் மண் இறங்குகிறது. அந்த மண்ணில் நஞ்சு இருக்கவேண்டும் என்றில்லை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருக்கும் இடுக்கில் போய் அடைந்தாலே போதும். அந்த இடுக்குத்தான் அணங்குகளின் வீடு. தெளிந்து ஓடும் ஓடையில் கற்கள் பாதி புதைந்து, பிடுங்கினால் சேற்றுப்புகை கிளம்பினால், வெள்ளம் வடிந்த பிறகும் ஆறு நோயில் கிடக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இலங்கையைப் பொறுத்தவரை ஹவாய் போல வெறுமை நமக்கு இல்லை. பனியுகத்தில் கடல் தாழ்ந்திருந்த காலங்களில் இந்தத் தீவு இந்தியாவோடு தரையாகச் சேர்ந்திருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் உறவுகள் இங்கேயும் உண்டு. ஆனால் நடுவே வறண்ட சமநிலம். குளிர்ந்த ஓடையை விட்டு வாழ முடியாத பூச்சிகள் நம் மலையிலேயே அடைபட்டுத் தனி இனங்களாகிவிட்டன. இலங்கையின் தும்பிகளில் 120க்கு மேற்பட்ட இனங்கள் பதிவாகியுள்ளன. அவற்றில் ஏறத்தாழப் பாதி உலகில் வேறெங்கும் இல்லை. நிழலான காட்டோடையில் மட்டும் வாழும் ஊசித்தும்பிகளில் சில ஒரு சில இடங்களுக்குள்ளேயே ஒடுங்கியவை. பிள்ளைகள் கல்லுக்கடியில் பிடிக்கும் நன்னீர் நண்டுகள் 50க்கு மேற்பட்ட இனம், அநேகமாக எல்லாமே இந்தத் தீவுக்கே உரியவை. நம் ஓடைகளின் கேடிஸ் பூச்சிகளைப் பற்றி பெர்னான்ட் ஷ்மிட் 1958இலேயே விரிவான ஆய்வு ஒன்றை எழுதினார். 1970இல் வியன்னாப் பல்கலைக்கழகத்தில் இருந்து ஸ்டார்ம்யூல்னர் தலைமையில் ஒரு குழு வந்து, இன்று களனிப் பல்கலைக்கழகமாக இருக்கும் வித்தியாலங்காரவோடு சேர்ந்து நம் மலை ஓடைகளை ஆராய்ந்தது. நம்முடைய ஓடை உலகத்து நூலகங்களில் இருக்கிறது. அதன் கரையில் குளிக்கும் பிள்ளையின் கொப்பியில் இல்லை.

ஆகவே வெளிநாட்டுப் புள்ளியைக் கூட்டிக் கழித்து, 'எங்கள் ஆற்றுக்கு 62' என்று சுவரில் எழுதவேண்டாம். அதைவிட நேர்மையான ஒரு வழி நம் கையிலேயே இருக்கிறது. உங்கள் ஓடையின் மேலே, காட்டுத் துண்டுக்குள்ளோ மனிதர் இல்லாத மூலையிலோ, கெடாத ஓர் இடத்தைத் தேடுங்கள். அதுதான் உங்கள் அளவுகோல். கீழே உள்ள இடங்களை அதனோடு ஒப்பிடுங்கள். மேலே எட்டு வகை, திடலருகே ஆறு, லயத்துக்குக் கீழே இரண்டு. போன வருடம் அது மூன்று. இந்தக் கணக்கை எந்த நிபுணரும் மறுக்க முடியாது. தென்னாபிரிக்காவில் பாடசாலைப் பிள்ளைகளும் செய்யக்கூடியதாகப் பூச்சிகளை வெறும் 13 கூட்டங்களாகச் சுருக்கிய முறை ஒன்று நடக்கிறது. குடும்பப் பெயரும் இலத்தீனும் தெரியாமலே நல்ல கணக்கு எடுக்கலாம் என்பதற்கு அதுவே சாட்சி.

கருவி என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். தேத்தண்ணி வடி, ஐஸ்கிரீம் பெட்டியின் வெள்ளை மூடி, பழைய பெயின்ற் தூரிகை, ஒரு கைவில்லை, பென்சில். ஒவ்வோர் இடத்திலும் வேகமாக ஓடும் நீருக்குள் பத்துக் கல். நான்கு ஐந்து பிள்ளைகள் கல்லைத் தூக்கும்போது கீழ்ப்பக்கத்தில் ஒருவர் வடியைப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் நல்ல நீச்சல்காரர் எல்லாம் தப்பிவிடுவார்கள். வகையை வரைந்து, எண்ணி, திரும்ப விட்டுவிடுங்கள். வெள்ளம் போன கையோடு பார்க்கப் போகாதீர்கள். எல்லாம் அடித்துப் போயிருக்கும், ஓடை கெட்டுவிட்டது என்று பிழையாக முடிவு செய்வீர்கள். இரண்டு மூன்று வாரமாவது ஆகட்டும். தை, மாசி மாதங்கள் மேற்குச் சரிவில் நல்ல காலம். ஆனால் வருடத்துக்கு ஒரு தடவை போதாது. குளிர்நாட்டில் ஓர் அணங்கு வளர ஒரு வருடமும் அதற்கு மேலும் ஆகும்; இங்கே குளிர்காலம் இல்லாததால் பலவும் சில வாரங்களிலோ மாதங்களிலோ வளர்ந்து பறந்துவிடும். நம் ஓடையின் ஞாபகம் குறுகியது. தவணைக்கு ஒரு தடவையாவது பாருங்கள்.

மருந்து அடித்த கிழமையில் பிள்ளைகளை இறக்காதீர்கள். அணைக்குக் கீழே எந்தக் காரணம் கொண்டும் வேண்டாம். வான்கதவு திறந்தால் தண்ணீர் சொல்லிவிட்டு வராது. மேல் கொத்மலைத் திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கிய பிறகு தலவாக்கலைக்குக் கீழே ஆற்றின் குணமே மாறிவிட்டது. தண்ணீர் 12 கிலோமீற்றருக்கு மேல் நீளமான சுரங்கத்துக்குள் போகிறது. நடுவில் உள்ள ஆற்றுப்படுகையில் முன்பு நனைந்திருந்த கற்கள் காய்ந்து கிடக்கின்றன. கழிவும் மருந்தும் இல்லாமல் தண்ணீரை எடுத்தாலே ஓர் ஆறு வெறுமையாகலாம் என்று பிள்ளைகளுக்கு வீதியோரத்தில் நின்று காட்டுங்கள், படுகைக்குள் இறங்க வேண்டாம்.

ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். மூவால் அணங்கு நிறைய இருக்கிறது என்பதால் பீலித் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்கலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மஞ்சட்காமாலைக் கிருமியையும் வயிற்றோட்டக் கிருமியையும் பூச்சிகள் காட்டிக்கொடுக்காது. மேலே ஒரே ஒரு மலசலகூடம் கசிந்தாலும் ஓடை பூச்சிக்கு நல்லதாக இருந்துகொண்டே மனிதருக்கு ஆபத்தாக இருக்கலாம். பூச்சிகள் சொல்வது ஆற்றின் உடல்நலத்தை. குடிநீருக்கு ஆய்வுகூடச் சோதனையும் அடுப்பும் வேண்டும்.

நமக்குள் மறைக்காமல் பேசவேண்டிய ஒன்றும் இருக்கிறது. பணிய லயத்துக்குக் கீழே கற்கள் வெறுமையாக இருப்பதைக் கண்ட பிள்ளை வெட்கப்படும். என் வகுப்பில் ஒரு பையன் கொப்பியை மூடிவிட்டான், அவன் வீடு அந்த லயத்தில். அன்று எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பிறகு ஒரு நாள் முழு வகுப்பையும் கானின் வழியே நடத்திக் கூட்டிப்போனேன். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகளை வரிசையாகக் கட்டி, அவற்றின் கழிவுக் கானை நேரே ஓடைக்குத் திருப்பியது யார், எத்தனை குடும்பத்துக்கு எத்தனை மலசலகூடம் என்று அவர்களே எண்ணினார்கள். அந்தக் கணக்கும் அதே கொப்பியில், பூச்சிக் கணக்குக்குப் பக்கத்தில் ஏறியது. அழுக்கின் பழியை அழுக்குக்குள் வாழவிடப்பட்டவர்கள் தலையில் வைக்கும் பாடத்தைத் தயவுசெய்து எடுக்காதீர்கள். எடுத்தால் பிள்ளை ஓடையையும் வெறுக்கும், நம்மையும் வெறுக்கும்.

இந்த மலையில் இருந்துதான் தீவின் தண்ணீர் இறங்குகிறது. ஹோர்டன் சமவெளிப் பக்கத்தில் ஊறும் ஆக்ரா ஓயா கொத்மலை ஓயாவாகி மகாவலியில் விழுகிறது. 335 கிலோமீற்றர் ஓடும் அந்த ஆறு தீவின் நிலத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கின் நீரைச் சேர்த்துக்கொண்டு திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. மஸ்கெலியா ஓயாவும் கெசல்கமு ஓயாவும் களனி கங்கையாகின்றன. கொழும்பின் குடிநீரில் பெரும்பகுதி அம்பத்தலையில் அந்த ஆற்றில் இருந்துதான் எடுக்கப்படுகிறது. கொழும்பில் குழாயைத் திறப்பவருக்கு மஸ்கெலியாத் தோட்டத்து ஓடையைத் தெரியாது. நம் பிள்ளைகளுக்குத் தெரியும். அந்த அறிவுக்கு ஒரு வடிவம் கொடுக்கும் வேலையைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

கேட்பது பெரிய காரியம் இல்லை. சுற்றாடல் முன்னோடிக் குழு உள்ள பாடசாலைகள் அதன் வழியாகவே தொடங்கலாம். இல்லாத இடத்தில் ஒரு தரத்துப் பிள்ளைகள் போதும். ஒரே ஓடை, மூன்றே இடம், தவணைக்கு ஒரு தடவை. கொப்பி ஒன்று பாடசாலையிலேயே இருக்க வேண்டும், ஆசிரியர் மாற்றலாகிப் போனாலும் அது போகக் கூடாது. என் முதல் ஆறு வருடக் கணக்கு ஓர் அலுமாரி மாற்றத்தின்போது தொலைந்துபோனது. அந்த இழப்பு இன்றும் மனதில் இருக்கிறது. அதே ஆற்றின் கீழே உள்ள பாடசாலையோடு, அது சிங்களப் பாடசாலையாக இருந்தால் இன்னும் நல்லது, கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். பூச்சிக்கு உங்கள் பிள்ளைகள் வைக்கும் பெயர்களை எழுதி வையுங்கள். பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் பழைய மாணவர் எவராவது அவற்றுக்குச் சரியான இனப்பெயரைச் சேர்த்து, நம் மலைக்கென்று ஒரு விளக்கப்படத்தைத் தமிழில் கொண்டுவரட்டும். எனக்குத் தெரிந்த அளவில் எங்கள் ஓடையின் பதினொரு வகைக்குப் படம் வரைந்து வைத்திருக்கிறேன். கேட்கிற பாடசாலைக்குப் பிரதி தருவேன்.

வரும் தை மாதம், மழை விட்டுத் தண்ணீர் தெளிந்ததும், ஒரு பிற்பகல் பாடவேளையில் வகுப்பைக் கீழே கூட்டிப் போங்கள். பார்த்து முடிந்தபின் ஒவ்வொரு கல்லையும் எடுத்த இடத்திலேயே, இருந்த பக்கமாகவே திரும்ப வைக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர்,
நுவரெலியா மாவட்டம்